லிப்டுக்குள் இருக்கும் ரெலிபோன் யாருடைய பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் தொடர்மாடிகள் பெருகுவதைப் பற்றிப் பேசும்போது நிலத்தடி நீர், கழிவுநீர், வாகனத் தரிப்பிடம் எல்லாம் பேச்சில் வருகின்றன. லிப்டுக்குள் இருக்கும் அவசர ரெலிபோனைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. செப்புக் கம்பி இணைப்புகளை ஃபைபருக்கு மாற்றிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் அது பல கட்டடங்களில் செத்துக் கிடக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய இணைப்பில் ரெலிபோனுக்கு வேண்டிய மின்சாரம், ஏறத்தாழ 48 வோல்ற், எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வந்தது. அங்கே பெரிய பற்றரிகள் இருந்தன. ஊர் முழுக்கக் கரண்ட் போனாலும் ரிசீவரைத் தூக்கினால் சத்தம் கேட்கும். ஃபைபரில் ஒளி மட்டும்தான் போகும். சுவரில் பூட்டும் சின்னப் பெட்டிக்குக் கட்டடத்தின் கரண்ட் வேண்டும். கரண்ட் நின்றால் பெட்டி நிற்கும், ரெலிபோனும் நிற்கும். நம் ஊரில் லிப்ட் இடைநடுவில் நிற்பதும் பெரும்பாலும் கரண்ட் போகும்போதுதான் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் தொடர்மாடியில் ஃபைபர் போட வந்தவர்கள் அலுவலக அறை ரெலிபோனையும் வைஃபையையும் சோதித்துக் காட்டினார்கள். எல்லாம் சரி. பழைய கம்பியைக் கழற்றினார்கள். அதே கம்பியிலிருந்து ஒரு கிளை லிப்டுக்குப் போவதை எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பிறகு லிப்ட் பராமரிப்புக்கு வந்த தம்பி பொத்தானை அழுத்திப் பார்த்தபோதுதான் விசயம் வெளியில் வந்தது. நல்லகாலம், அதுவரை உள்ளே யாரும் அகப்படவில்லை.

குடியிருப்பாளர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, “எல்லாரிடமும் போன் இருக்குதுதானே” என்றார் ஒருவர். லிப்ட் ஓர் உலோகப் பெட்டி, கொங்கிரீட் சுவர்களுக்கு நடுவே ஓடுவது. பல இடங்களில் கதவு மூடியவுடன் சிக்னல் போய்விடும். அதோடு இந்தத் தொடர்மாடிகளில் இருப்பவர்கள் யார்? பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, தாய் தகப்பன் இங்கே தனியாக. மரக்கறி வாங்கக் கீழே இறங்கும் அம்மா போனை மேசையில் வைத்துவிட்டுத்தான் போவார்.

இன்னொருவர் ஜெனரேட்டரைக் காட்டினார். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டும் டீசல் வரிசையும் ஒன்றாக வந்ததை இவ்வளவு கெதியாக மறந்துவிட்டோமா? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலைக்கு நாடே இருட்டில் கிடந்தது. கரண்ட் போனால் கிட்டிய மாடியில் நிறுத்திக் கதவைத் திறந்துவிடும் பற்றரிச் சாதனமும் சில லிப்டுகளில் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பற்றரியையும் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும், லிப்டே பழுதாகி நின்றால் அதனால் பயனும் இல்லை.

பிரித்தானியாவில் பழைய தொலைபேசி வலையமைப்பை 2025 முடிவில் நிறுத்துவதாக இருந்து, 2027 ஜனவரி வரை தள்ளிவைத்தார்கள். முதியவர்களின் அவசர அழைப்புக் கருவிகள் செயலிழந்ததுதான் அதற்கு முக்கிய காரணம். லிப்ட் ரெலிபோனும் அதே சிக்கலில்தான் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் புதிய வலையமைப்புக்கு மாறும்போது தீ எச்சரிக்கைக் கருவிகளுக்கும் லிப்ட் ரெலிபோன்களுக்கும் என்றே ஒரு பதிவேடு திறந்தார்கள். எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தானே கம்பியை வெட்டுமுன் எச்சரிக்கலாம்?

சிம் போட்ட கருவி வைத்தால் பிரச்சினை தீரும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஓரளவுக்குத் தீரும். ஆனால் அதே அவுஸ்திரேலியாவில் 2024 ஒக்டோபர் 28 அன்று பெரிய நிறுவனங்கள் 3ஜி சேவையை நிறுத்தத் தொடங்க, 3ஜியை மட்டும் நம்பிய கருவிகளை மாற்ற வேண்டி வந்தது. வாங்கும்போதே 4ஜியில் குரல் அழைப்பு எடுக்குமா என்று கேளுங்கள். அந்தச் சிம் யாருடைய பெயரில் இருக்கிறது, யார் காசு கட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். கட்டடத்தைக் கட்டியவர் வீடுகளை விற்றுவிட்டுப் போன பிறகு அவர் பெயரில் கிடக்கும் சிம்முக்கு யார் பணம் கட்டப் போகிறார்கள்? பழைய கருவியை அப்படியே ஃபைபர் பெட்டியில் செருகுவதிலும் வில்லங்கம் உண்டு. குரலைச் சுருக்கி அனுப்பும்போது கருவி அனுப்பும் எண் ஒலிகள் சிதைந்து, அழைப்பு போய்ச் சேர்ந்தாலும் எந்த லிப்ட் என்பது மறுமுனைக்குத் தெரியாமல் போகலாம்.

மறுமுனையில் இருப்பது யார் என்பது எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி. சில லிப்டுகளில் பொத்தானை அழுத்தினால் மணி அடிப்பது கொழும்பில். இருட்டில் நிற்கும் ஒரு வயதானவருக்குத் தெரியாத மொழியில் பதில் வந்தால் அவர் என்ன செய்வார்? தமிழில் கதைக்கக்கூடிய ஒருவர் இரவு பகலாக எடுக்கும் எண்தான் அதில் இருக்க வேண்டும். வாசல் காவலாளிக்கு மட்டும் இண்டர்கொம் போட்ட இடங்களில் அவர் தேத்தண்ணி குடிக்கப் போனால் கதை முடிந்தது. கொழும்பிலிருந்து பொறியியலாளர் வர ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஆகவே லிப்டைப் பாதுகாப்பாக இறக்கப் பழகிய ஒருவர் இங்கேயே இருக்க வேண்டும். அவர் வரும்வரை உள்ளே இருப்பவர்கள் கதவை நெம்பித் திறக்கக் கூடாது. மூச்சு முட்டிவிடும் என்ற பயம் தேவையில்லை, காற்றுப் போக வழி விட்டுத்தான் லிப்டைச் செய்கிறார்கள்.

ஈஎன் 81-28 என்ற ஐரோப்பிய நியமப்படி லிப்டின் அவசர அழைப்புக் கருவி மூன்று நாளுக்கு ஒருமுறையாவது தானாக அழைத்துச் சோதிக்க வேண்டும், கரண்ட் இல்லாமல் ஒரு மணித்தியாலம் இயங்க வேண்டும். இங்கே அந்தளவு போகாவிட்டாலும், தொடர்மாடிகளின் முகாமைத்துவக் குழுக்கள் மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு லிப்டுக்குள்ளிருந்து அழைத்துப் பார்க்கலாம். செலவு எதுவும் இல்லை. மின்வெட்டுக் காலத்தில் ரௌட்டருக்கென்று வாங்கிய சின்ன யூபிஎஸ் பற்றரி எத்தனையோ வீடுகளில் சும்மா கிடக்கிறது. அதில் ஒன்றை ஃபைபர் பெட்டிக்குக் கொடுத்தாலே தற்காலிகமாகச் சமாளிக்கலாம்.

தொலைபேசி நிறுவனங்கள் இணைப்பை மாற்றும் படிவத்தில் “இந்த இணைப்பில் லிப்ட் அல்லது எச்சரிக்கைக் கருவி உண்டா?” என்று ஒரு வரி சேர்க்கட்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அதைக் கட்டாயமாக்கலாம். யாழ்ப்பாண மாநகரசபையும் பிரதேச சபைகளும் புதிய தொடர்மாடிகளில் ஆட்கள் குடியேற அனுமதி கொடுக்குமுன், கரண்டை நிறுத்தி லிப்ட் ரெலிபோனை ஒருமுறை அடித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொடர்மாடிவாசி ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.