செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

தலைவர் அய்யாவுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவங்களுக்காக இதை குரூப்லயும் போடுறேன், படிப்பாங்களான்னு தெரியல.

சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடி ஏத்தினோம். பொங்கலுக்கு கோலப்போட்டி நடந்துச்சு. கண் முகாம் நடந்துச்சு. தெருவிளக்குக்கு மனு குடுத்தோம், பாதி எரியுது.

அடுத்தது ஞாயித்துக்கிழமை சாயங்கால பேச்சு, இந்த வருஷம் மெசொப்பொத்தேமியா, அதாவது இன்னைக்கு ஈராக் இருக்கிற பக்கத்து பழைய நாகரிகம் பத்தி. "நகர் நலச்சங்கத்துல ஈராக் கதை எதுக்கு"ன்னு சிலர் பேசிக்கிட்டது என் காதுக்கும் வந்துச்சு, நேர்ல யாரும் கேக்கல, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்லிடுறேன். டீ, வடை, ப்ரொஜக்டர் வாடகை தவிர செலவே கிடையாது, பேசினது நானே.

ஆத்தங்கரை நாகரிகம்னா ஸ்கூல்ல நைல், சிந்து, மஞ்சள் ஆறுன்னு பேரை ஒப்பிச்சுட்டு வந்துட்டோம். ஆனா ஒரு ஆறு மாதிரி இன்னொன்னு இல்ல. நைல்ல வெள்ளம் கோடையில வந்து, வடிஞ்சப்புறம் வண்டல்ல விதைச்சா போதும். ஈராக்ல ஓடுற டைக்ரிஸ், யூப்ரடீஸ் ஆத்துல அப்படி இல்லீங்க, மலையில பனி உருகி ஏப்ரல், மே மாசம் வெள்ளம் வரும், அந்த நேரம் பார்லி அறுப்புக்கு நிக்கும், விதைக்கிற சமயத்துல பாத்தா ஆத்துல தண்ணி கம்மி. அப்ப கரையும் கட்டணும், வாய்க்காலும் வெட்டணும், வருஷா வருஷம் தூரும் வாரணும், தனியா ஒரு வீட்டுக்காரனால ஆகுற காரியமா அது? அங்க லகாஷ், உம்மான்னு ரெண்டு பக்கத்து ஊரு எல்லை நிலத்துக்கும் வாய்க்கால் தண்ணிக்கும் தலைமுறை தலைமுறையா அடிச்சுக்கிட்டாங்க, லகாஷ் ஜெயிச்சதைச் செதுக்கி வச்ச கல்லு இன்னைக்கும் பாரிஸ் லூவர்ல இருக்கு.

அதே நாட்டு உருக் நகரத்துல கிமு 3300 வாக்குல களிமண் பலகையில எழுத ஆரம்பிச்சாங்க. பாட்டு எழுத இல்ல, பெரும்பாலும் பார்லி எவ்வளவு, பீர் எவ்வளவு, ஆடு எத்தனைன்னு கணக்கு. 5000 வருஷம் கழிச்சும் அந்தக் கணக்கு நிக்குது. நம்ம சந்தா நோட்டுல சில வீட்டு நம்பருக்கு நேரா ரெண்டு வருஷமா வெறும் கோடுதான் இருக்கு.

பாபிலோன் ராஜா ஹமுராபியோட சட்டம் பத்தி பேசின அன்னைக்குத்தான் கூட்டம் ரொம்பக் கம்மி. கிமு 1750 வாக்குல வந்த சட்டம் அது. 53ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒருத்தன் சோம்பேறித்தனமா தன் கரையைக் கவனிக்காம விட்டு, அது உடைஞ்சு ஊரு வயல்ல தண்ணி பாஞ்சா, அழிஞ்ச தானியத்தை அவனே ஈடு கட்டணும். முடியலன்னா அவனையும் அவன் சொத்தையும் வித்து, நஷ்டப்பட்டவங்க பங்கு போட்டுக்கலாம், இது அடுத்த பிரிவு. நம்ம பைலா அவ்வளவு தூரம் போகல, போகணும்னும் நான் சொல்லல. ஆனா அன்னைக்கு வந்தவங்க எல்லாருமே மேட்டுத் தெருக்காரங்க. மழைநீர் வாய்க்கால் மேல ஸ்லாப் போட்டு மூடி கார் நிறுத்துறவங்க வீட்ல இருந்து ஒருத்தர்கூட வரல. யாருன்னு நான் சொல்லப்போறதில்ல, நவம்பர் மழையில முட்டளவு தண்ணியில நடந்தவங்களுக்குத் தெரியும்.

வரவு செலவை பொருளாளர் படிப்பாரு. சுருக்கமா சொன்னா வரவு நினைச்சதைவிட கம்மி, செலவு நினைச்ச மாதிரியே, கையிருப்பு இருக்கு.

ஹால் குடுத்த கோயில் நிர்வாகத்துக்கும், மைக் செட் அண்ணனுக்கும், டீ போட்டுக் குடுத்த மகளிர் அணிக்கும், எப்பவும் துணையா இருக்கிற தலைவருக்கும் நன்றி.

வர்ற வருஷம் சிந்து சமவெளி பேசலாம்னு இருக்கேன். மொகஞ்சதாரோவுல தெருவோரம் செங்கல்ல சாக்கடை கட்டி மூடி போட்டிருக்காங்க, ஆனா அந்த மூடியைத் திறந்து சுத்தம் பண்ணவும் வழி வச்சிருந்தாங்க, அதைப் படத்தோட காட்டணும். ப்ரொஜக்டர்காரருக்கே இன்னும் பாக்கி நிக்குது, சந்தா வந்தாதான் அதெல்லாம். செயலாளர் பொறுப்புக்கு வேற யாராச்சும் முன்வந்தா சந்தோஷமா விட்டுக் குடுப்பேன், போன வருஷமும் இதேதான் சொன்னேன், யாரும் கை தூக்கல. பொருளாளர் ரசீது புக்கோட வாசப் பக்கம்தான் உக்காந்திருக்காரு, ஜீபேயும் வாங்கிக்குவாரு.

இப்படிக்கு,
செயலாளர்