டீச்சர், அந்த ஃபார்ம்ல டிக் அடிக்கறதுக்கு முன்னாடி

பிரைமரி ஸ்கூல் டீச்சர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

என் பொண்ணு இப்ப நாலாவது படிக்கிறா. போன வருஷம் அவளுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனம் நிக்காம போறது, துறுதுறுப்பு இதெல்லாம் சம்பந்தப்பட்ட பிரச்சனை இருக்கான்னு பாக்கறதுக்காக டாக்டர் ரெண்டு ஃபார்ம் குடுத்தாங்க, ஒண்ணு எங்களுக்கு, இன்னொண்ணு க்ளாஸ் டீச்சருக்கு. டீச்சர்கிட்ட இருந்து வந்தத பிரிச்சுப் பாத்தா மேல இருந்து கீழ வரைக்கும் எல்லாத்துக்கும் "இல்லை"னு டிக், கடைசில "அமைதியான குழந்தை, தொந்தரவே கிடையாது"ன்னு ஒரு வரி. அவங்க பொய் எழுதலங்க, 45 பிள்ளைங்க இருக்கற க்ளாஸ்ல வாயே திறக்காத புள்ள கண்ணுல படாதுதான். ஆனா இந்தப் பிரச்சனை வீடு, ஸ்கூல்னு ரெண்டு இடத்துலயாவது தெரியணும், அப்பதான் டாக்டர் உறுதியா சொல்ல முடியும். அந்த ஒரு பேப்பரால எங்களுக்கு எட்டு மாசம் போச்சு.

வீட்ல என்ன நடந்துச்சுன்னா, அரை மணி நேர ஹோம்வொர்க் ராத்திரி பத்து மணி வரைக்கும் இழுக்கும், கணக்கு தெரியும் ஆனா பாதி கூட்டல்ல எங்க விட்டோம்னே மறந்துடும், சாயங்காலம் ஷூவக்கூட கழட்டாம வாசப்படில உக்காந்து அழுவா. ஒருநாள் கேட்டப்போ சொன்னா, "பக்கத்துல இருக்கறவ புக்க திருப்பும்போது நானும் திருப்பிடுவேம்மா, மிஸ் திட்ட மாட்டாங்க"ன்னு. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தப் புள்ள பாத்துட்டு இருந்தது பாடத்த இல்ல, பக்கத்துல இருக்கறவளோட கைய.

அந்த ஃபார்ம்ல முதல் 9 கேள்வி கவனத்தப் பத்தினது, அடுத்த 9தான் ஓட்டம், துறுதுறுப்பு பத்தினது. முதல் ஒன்பதுல ஆறு பொருந்தினாலே டாக்டர் யோசிக்க ஆரம்பிப்பாங்க, புள்ள பெஞ்ச் மேல ஏறி குதிக்கணும்னு அவசியமே இல்ல. சின்ன வயசுல பொண்ணுங்கள விட பசங்களுக்குதான் ரெண்டு மூணு மடங்கு அதிகமா இதக் கண்டுபிடிக்கறாங்க, ஆனா பெரியவங்கள்ல அந்த வித்தியாசம் நல்லாவே கொறஞ்சு போகுது. அப்போ பெரியவங்களானப்புறம் இது இருக்குன்னு தெரிஞ்ச பொம்பளைங்க எல்லாம் பத்து வயசுல எங்க இருந்தாங்க? உங்க க்ளாஸ்லதான் டீச்சர், ஜன்னல் ஓரமா.

நானும் அப்படி உக்காந்திருந்தவதான். எனக்கு இது இருக்குன்னு தெரிஞ்சதே 36 வயசுல, என் பொண்ணுக்காக ஹாஸ்பிடல் போனதுக்கு அப்புறம். ரொம்பவே குடும்பத்துல வர்ற விஷயம் இது, இரட்டைக் குழந்தைங்கள வெச்சு செஞ்ச ஆராய்ச்சிகள்ல பரம்பரையோட பங்கு 70 சதவீதத்துக்கு மேலன்னு வருது. என் ரேங்க் கார்டு ஒவ்வொண்ணுலயும் "கவனம் தேவை"ன்னு இருக்கும், எங்கம்மா "பொம்பளப்புள்ளைக்கு இவ்ளோ மறதி ஆகாதுடி"ன்னு தலைல அடிச்சுப்பாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் அடுப்புல பால் பொங்கினது, கையில காசு இருந்தும் கரண்ட் பில் கட்ட மறந்து ஃபியூஸ புடுங்கிட்டுப் போனது, எல்லாத்துக்கும் நான் சோம்பேறின்னு நானே நம்பிட்டேன். இருபது வருஷத்துக்கு மேல அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன், அது எனக்கு இன்னைக்கும் ஆறல.

கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சர்களுக்கு ஒண்ணு சொல்லணும். உங்க ஸ்கூலுக்கு செக்கப்புக்கு வர்ற ஆர்பிஎஸ்கே டீம், அதாவது பிள்ளைங்க உடல்நலத்தப் பாக்கற அரசு திட்டத்தோட டீம், பாக்க வேண்டிய லிஸ்ட்ல ஏடிஎச்டியும் இருக்கு. கண்ணு, பல்லு பாக்கறதோட அனுப்பிடாதீங்க, சந்தேகம் இருக்கற புள்ள பேர அவங்ககிட்ட சொல்லுங்க.

இந்த வருஷம் வந்த டீச்சர் ஃபார்ம வாங்கி ஒரு வாரம் வெச்சிருந்து பாத்துட்டு, பின்பக்கம் எழுதியிருந்தாங்க: "போர்டுல இருந்து நாலு வரி எழுதறா, அஞ்சாவது வரில நின்னுடறா, வாயால கேட்டா கரெக்டா சொல்றா, பேர் சொல்லிக் கூப்பிட்டா திடுக்குன்னு முழிக்கிறா." டாக்டருக்கு வேண்டியது அதுதான்.

உங்க டேபிளுக்கு அப்படி ஒரு ஃபார்ம் வந்தா அன்னைக்கே முடிச்சுக் குடுக்கணும்னு இல்ல, ஒரு வாரம் எடுத்துக்கோங்க. பாக்க முடியலன்னா "இல்லை"னு மட்டும் டிக் அடிக்காதீங்க, "கவனிக்கல"ன்னு எழுதிக் குடுங்க, அப்பதான் டாக்டருக்கு உண்மை நிலவரம் தெரியும்.

இப்படிக்கு,
ஜன்னல் ஓரத்துல உக்காந்திருந்த ஒரு பொண்ணு, அதே மாதிரி ஒரு பொண்ணோட அம்மா