எஸ்.ஐ. மகளுக்கு அப்பா எழுதுவது

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போனில் டியூட்டியில் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சை எடுத்தால் "சரிப்பா, பாத்துக்கறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

திருப்பூர் மாவட்டம் குடிமங்கலம் சம்பவம் நடந்ததிலிருந்தே மனசு சரியில்லை. 2025 ஆகஸ்ட்டில் ஒரு தோட்டத்தில் அப்பன், பிள்ளைகள் சண்டையை விலக்கப் போன எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு எஸ்.ஐ.) சண்முகவேலை வெட்டிக் கொன்றார்கள். குடும்பத் தகராறு என்றால் நாம் கொஞ்சம் அசட்டையாகத்தான் போவோம். அங்கேதான் அரிவாள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

2020 ஜனவரி 8 அன்று இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் டியூட்டியில் இருந்த போலீஸ்காரர் வில்சனைச் சுட்டுக் கொன்றவர்களுக்கு அவரோடு சொந்தப் பகை எதுவும் இல்லை. காக்கிச் சட்டைதான் குறி. அப்படித் திட்டம் போட்டு வருபவனைத் தடுப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூமிநாதன் விஷயத்தை என்னால் அப்படி விட முடியவில்லை.

2021 நவம்பர் 21 விடியற்காலை. பூமிநாதன் திருச்சி மாவட்டம் நவல்பட்டு ஸ்டேஷன்காரர். ஆடு திருடிக்கொண்டு பைக்கில் போனவர்களை விடாமல் விரட்டி, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம் பள்ளத்துப்பட்டியில் மடக்கியும் விட்டார். உதவி கேட்டுப் போனும் செய்தார். ஆள் வந்து சேர்வதற்குள் வெட்டிவிட்டார்கள். கைதானவர்களில் இரண்டு பேர் சிறுவர்கள். பிடிக்கும்வரை இருக்கும் எச்சரிக்கை பிடித்த பிறகு தளர்ந்துவிடும் தாயி. துணைக்கு ஆள் வரும்வரை தனியாக நிற்கிறோமே, அந்த நேரம்தான் ரொம்ப ஆபத்து. பையன் சின்னவனா பெரியவனா என்று முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். எட்டி நில். வண்டி நம்பரை முதலில் வயர்லெஸ் மைக்கில் சொல்லிவிடு. ஓடினால் ஓடட்டும், ஆட்டுத் திருடனை நாளைக்குப் பிடிக்கலாம்.

அப்போது டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு, ரோந்து போகிறவர்கள் துப்பாக்கி எடுத்துச் செல்லுங்கள், தற்காப்புக்குப் பயன்படுத்தத் தயங்காதீர்கள் என்றார். சட்டமும் இடம் தருகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை பற்றிய 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளைப் படித்து வைத்துக்கொள். ஆனால் பக்கத்தில் நிற்பவன் வெட்டும்போது இடுப்பில் இருக்கும் துப்பாக்கியை எடுக்க நேரம் இருக்காது. கூட இன்னொருவர் நிற்பதுதான் பாதுகாப்பு. அதற்காகப் பார்ப்பவனையெல்லாம் சந்தேகப்பட்டு லத்தியை ஓங்கிவிடாதே. வில்சன் இறந்த அதே வருஷம் ஜூனில்தான் சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்து அப்பாவும் மகனும் செத்ததும் நடந்தது.

இந்த மூன்று பேருமே எஸ்.எஸ்.ஐ.க்கள் என்பதைக் கவனித்தாயா? கான்ஸ்டபிளாகச் சேர்ந்து இருபது வருஷத்துக்கும் மேல் காக்கி போட்ட பிறகு கிடைக்கும் பதவி அது. உன் அப்பாவும் அதில்தான் ரிட்டையர் ஆனேன். முட்டி தேய்ந்து, சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு ராத்திரி ரோந்து போகிறவர்கள். நீ பரீட்சை எழுதி நேரடியாக வந்த எஸ்.ஐ. அவர்களை எங்கே, யாரோடு அனுப்புவது என்று சொல்லும் இடத்தில் இருக்கிறாய். உன் பாதுகாப்பைவிட இதைப் பற்றித்தான் அதிகம் எழுத நினைத்தேன்.

நைட் ரவுண்ட்ஸுக்கு யாரையும் தனியாகப் போடாதே. ஆள் பற்றாக்குறை என்று ஸ்டேஷன் ரைட்டர் சொல்வார், அது உண்மையும்தான். அப்படியானால் ஒரு ரோந்து பாயிண்ட்டைக் குறைத்துவிட்டு, ஏன் குறைத்தாய் என்று ஜி.டி.யில் (ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில்) எழுது. இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொண்டால் அவருடைய உத்தரவையும் எழுத்தில் கேள்.

அன்புடன்,
அப்பா