பாப்பாவுக்கு, பின்பக்க பார் பற்றி

அன்புள்ள பாப்பா,

ஏழு வாரம் கழித்து உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு வரி. "அப்பா, பின்னாடி இருக்கிற 16 மில்லி பாரைக் கழற்றிட்டு பழைய 12-ஐயே மாட்டிடலாமா?" நலமா என்று இல்லை, அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று இல்லை. சரி, கேட்டாயே, அதுவே போதும். கூடவே வண்டியின் படம் ஒன்றும் அனுப்பியிருந்தாய். அதைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கேட்டதற்குப் பதில். மாட்டு. இரண்டு பக்கச் சக்கரத்தையும் கோத்து, வளைவில் வண்டி சாயாமல் பார்க்கிற கம்பிதானே இந்த ஆன்ட்டி ரோல் பார். அதன் இறுக்கம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 12-ஐ 14 ஆக்கினால் இரண்டு மில்லிதானே என்று தோன்றும், இறுக்கமோ 1.85 மடங்கு. 16 என்றால் மூன்று மடங்குக்கும் மேல். முன்பக்கத்தைத் தொடாமல் பின்பக்கத்தை மட்டும் அப்படி இறுக்கினால், வளைவில் பின்பாரமெல்லாம் வெளிச் சக்கரத்தின் மேல் போய் உட்காரும். உள் சக்கரம் சும்மா தரையைத் தடவிக்கொண்டு வரும். இரண்டு டயர் பிடிக்க வேண்டியதை ஒன்றே பிடித்தால் வால் வெளியே வராமல் என்ன செய்யும்? ஸ்டியரிங் திருப்பியும் வண்டி நேரே போகிறது என்கிறவர்கள் பின் பாரைப் பெரிதாக்கலாமா என்று கேட்பார்கள். சிறிதாக்கலாமா என்று கேட்கிறவர்கள் எதனால் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதை விடு.

ஆனால் பாரை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதே. வண்டி ரொம்பத் தாழ்ந்திருக்கிறது, பாப்பா. பின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது போலிருக்கிறது. உன்னுடையது மஸ்டாவின் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5. 1989-ல் வந்தபோதே ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, நான்கு மூலையிலும் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடிக்கும் இரட்டைக் கை, அதாவது டபுள் விஷ்போன், முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி பாரம். அதை வடிவமைத்தவர்கள் 'ஜின்பா இட்டாய்' என்று சொல்வார்களாம், குதிரையும் அதன் மேலிருப்பவரும் ஒன்று என்று. நீதான் எனக்குச் சொன்னாய். அந்தக் குதிரைக்குக் கால் மடக்க இடம் வேண்டாமா? அந்த வண்டியில் ஷாக் உள்ளே போய்வர இடம் முதலிலேயே குறைவு. அதையும் தாழ்த்திவிட்டால் மிச்சமிருப்பது கடைசியில் ஷாக் முட்டி நிற்கும் பம்ப் ஸ்டாப் மட்டும்தான்.

பம்ப் ஸ்டாப்பை ஒரு ரப்பர் துண்டு என்று நினைக்காதே. அதுவும் ஒரு ஸ்பிரிங்தான், திடீரென்று இறுகும் ஸ்பிரிங். வளைவின் நடுவில் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். வெளிப்பக்கப் பின்சக்கரம் ஒரு சின்ன மேட்டில் ஏறும், பம்ப் ஸ்டாப் தட்டும், அந்த நொடியில் பின்பக்கத்தின் இறுக்கம் பல மடங்காகும். பிடி போய்விடும். பயத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னால் ஓடிவிடும், பின்பக்கம் இன்னும் லேசாகும். அதற்கப்புறம் எவ்வளவு திறமை இருந்தாலும் நேரம் இருக்காது. உன் திறமையைக் குறை சொல்லவில்லை. யாராக இருந்தாலும் நேரம் இருக்காது.

நீ தனியாகவே விஷ்போன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாம் மாற்றினாயே, அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா? ஜாக்கில் சக்கரம் தொங்கும்போதே விஷ்போன் போல்ட்டை முடுக்கினால் வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும், சீக்கிரம் கிழியும். வண்டி தன் காலில் நின்ற பிறகுதான் கடைசி முடுக்கு. நான் சொல்லாமலே அப்படிச் செய்தாய். அவ்வளவு பொறுமைக்காரி, ஸ்பிரிங்கையும் பாரையும் சக்கரத்தின் சாய்வான கேம்பரையும் ஒரே நாளில் மாற்றியிருக்கிறாயே! எது என்ன செய்தது என்று இப்போது எப்படித் தெரியும்? ஒரு தடவைக்கு ஒன்று. ஒன்று மாற்று, ஐந்து சுற்று ஓட்டு, இறங்கியதும் டயர் காற்றைச் சூட்டோடு அளந்து நோட்டில் எழுது. அப்புறம் அடுத்தது. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைக்கு ஒன்று.

இறுக்கமான ஸ்பிரிங் போட்டவள் ஷாக்கை மாற்றினாயா? ஸ்பிரிங் இரண்டு மடங்கு இறுகினால் ஷாக்கின் பிடியும் ஏறக்குறைய 1.4 மடங்காக வேண்டும். பழைய ஷாக்கால் அதை அடக்க முடியாது, வண்டி குதித்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும், உயரத்தை மாற்றக்கூடிய காயில்ஓவர் வாங்குவதாக இருந்தால் நான்கு மூலைக்கும் எடை பார்க்கும்போது ஓட்டுகிற இடத்தில் நீயே உட்கார்ந்திரு, பாரைச் சக்கரத்தின் பக்கம் கோக்கும் லிங்க்கைக் கழற்றி வை.

இன்னொன்று. படத்தில் மூன்று சக்கரத்திலும் பிரேக் பொடி கறுப்பாக அப்பியிருக்கிறது. வலது பின்சக்கரம் மட்டும் புதிதுபோல் பளிச்சென்று இருக்கிறது. வெளிச்சம் அப்படி விழுந்திருக்கலாம். எதற்கும் ஒரு வேலை செய். வண்டியின் இரண்டு பக்கமும் நூல் கட்டி பின்சக்கரத்தின் டோவை, அதாவது சக்கரத்தின் முன்பகுதி உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்பதை, அள. இரண்டும் சமமாக, துளி உள்ளே பார்த்து இருக்க வேண்டும். வலது சக்கரம் வெளியே பார்த்தால் பாரையும் தொடாதே, ஸ்பிரிங்கையும் தொடாதே. விஷ்போன் வளைந்திருக்கிறதா, அலைன்மென்ட் போல்ட் நகர்ந்திருக்கிறதா என்று பார். டோ வெளியே திரும்பிய பின்சக்கரத்தோடு டிராக்கில் இறங்கவே கூடாது. கழுத்து வலி ஏதாவது இருக்கிறதா? அம்மாதான் கேட்கச் சொன்னாள்.

இல்லை, அம்மா கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன்.

சிவப்பு வண்டி ஞாபகம் இருக்கிறதா? அதன் ஸ்பிரிங்கை நான் அறுத்த ராத்திரி நீதான் டார்ச் பிடித்தாய். எட்டு வயது. ஒவ்வொன்றிலும் ஒன்றரைச் சுற்று அறுத்தேன். வண்டி தாழ்ந்து அழகாக நின்றது, உன்னைத் தூக்கி பானட்டில் உட்கார வைத்தேன். பம்ப் ஸ்டாப் என்று ஒன்று இருப்பதை நினைக்கவே இல்லை. அடுத்த மாதம் மழையில், பாலத்து வளைவில் அது சுழன்று கம்பியில் இடித்தபோது அம்மா முன்னால் இருந்தாள், நீ பின்னால். ரோட்டில் எண்ணெய் கொட்டியிருந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். எல்லோரிடமும் அதையே சொன்னேன். அன்றைக்கு ராத்திரி நீ படுக்கையிலிருந்து கேட்டாய், "எண்ணெய் எங்கேப்பா இருந்தது?" தூங்கு என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை. வண்டி விஷயத்தில் எதையும் என்னிடம் முழுதாகச் சொன்னதும் இல்லை. ஏழு வாரம் பேசவில்லை என்று உன் மேல் கோபப்பட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். மறைக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்பது இங்கே வந்த பிறகுதான் உறைக்கிறது. எண்ணெய் எங்கேயும் இல்லை, பாப்பா. என் வேலைதான் அது. இந்தக் கடிதத்தை இப்போது அம்மாவிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன். அவள் படித்த பிறகுதான் உனக்கு வரும்.

நீ செய்ய வேண்டியது இதுதான். டோ சரியாக இருந்தால் மட்டும், ஒவ்வொரு ஷாக்கின் தண்டிலும் ஒரு கேபிள் டை கட்டி, கீழே சீல் வரை இறக்கி விடு. ஐந்து சுற்று, மெதுவாக ஆரம்பித்து ஓட்டு. ஷாக் எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவு மேலே டையைத் தள்ளியிருக்கும். டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே எத்தனை மில்லி மிச்சம் என்று அளந்து எழுது. டை போய் பம்ப் ஸ்டாப்பில் ஒட்டி நின்றால் அன்றைக்கே வண்டியை உயர்த்து. நான்கு மூலைக்கும் படம் அனுப்பு. வலது பின்பக்கத்தை மட்டும் சக்கரம், மட்கார்டு, பம்பர் எல்லாம் தெரிகிற மாதிரி கொஞ்சம் தள்ளி நின்று எடு.

அப்பா