அயர்லாந்து சீர்திருத்த மசோதா: குத்தகைக் குடியானவர் வாக்குரிமை குறித்த கோரிக்கை மனு

பெறுநர்:
மாண்புமிகு எட்வர்டு ஸ்டான்லி அவர்கள்,
அயர்லாந்துத் தலைமைச் செயலாளர்,
டப்ளின் கோட்டை.

பொருள்: நாடாளுமன்றத் தேர்தல் முறையைத் திருத்தும் இந்த மசோதாவில், 10 பவுண்டு வாக்குரிமைத் தகுதியைக் கணக்கிடும் முறை, வாக்காளர் பதிவு, வாக்குப்பதிவு ஆகியவற்றில் திருத்தம் கோருதல்.

ஐயா,

1829-இல் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர வழிவிட்ட கையோடு, அயர்லாந்துக் கவுண்டிகளில் (மாவட்டங்களில்) நிலத்தில் ஆண்டுக்கு 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு, ஆதாயம் உள்ளவருக்கு இருந்த வாக்குரிமை நீக்கப்பட்டது; தகுதி ஐந்து மடங்காகி 10 பவுண்டு ஆனது. இரண்டு லட்சத்துக்கு மேலிருந்த வாக்காளர்கள் 40 ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டார்கள். இங்கிலாந்துக் கவுண்டிகளில் 40 ஷில்லிங் அப்படியே இருக்கிறது.

நிலக்கிழார்கள் வாக்குக்காகவே நிலத்தைத் துண்டு போட்டு ஆயுள் குத்தகை (பத்திரத்தில் பெயர் குறித்தவர்கள் உயிரோடு இருக்கும்வரை செல்லும் குத்தகை) எழுதிக் கொடுத்து, குடியானவர்களை மந்தையாக ஓட்டி வந்தார்கள் என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1793-இல் கத்தோலிக்கருக்கும் வாக்குரிமை கிடைத்த பிறகு அப்படி நடந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் 1826-இல் வாட்டர்ஃபோர்டில் பெரிய நிலக்கிழார்களான பெரஸ்ஃபோர்டு குடும்பத்து வேட்பாளரைத் தோற்கடித்ததும், 1828-இல் கிளேரில் கத்தோலிக்கர் தலைவர் ஓ'கானலுக்கு 2,057 வாக்கும் எதிரணிக்கு 982 வாக்கும் விழச் செய்ததும் இதே குடியானவர்கள்தாம். மந்தையாக வந்த காலம்வரை யாருக்கும் உறுத்தாத வாக்கு, மந்தை கலைந்த பிறகே உறுத்தியது.

பழைய தகுதியைத் திருப்பித் தருவதே நியாயம். அதற்கு அரசு இசையாவிட்டால், புதிய தகுதியையாவது தெளிவாக்க வேண்டும்.

10 பவுண்டு என்பது குத்தகைத் தொகை அல்ல. குத்தகை போக மிஞ்சும் ஆதாயம். அதை இரண்டு விதமாகக் கணக்கிட முடிகிறது. ஆண்டுக்கு 20 பவுண்டு குத்தகை கட்டும் ஒருவருக்குச் செலவும் போக 12 பவுண்டு மிஞ்சினால், அவர் கணக்கில் வாக்கு உண்டு. அதே நிலத்தை வசதியுள்ள வேறொருவர் அதிகபட்சம் 26 பவுண்டுக்குத்தான் எடுப்பார் என்று வைத்தாலோ, ஆதாயம் 6 பவுண்டாகிவிடும்; வாக்கு போய்விடும். நெப்போலியனுடனான போர்க்கால விலையில் எழுதிய குத்தகைகளின் நிலை இன்னும் மோசம். 1815-க்குப் பிறகு தானிய விலை விழுந்தது, பத்திரத்தில் உள்ள தொகை விழவில்லை. நிறைய நிலம் வைத்திருப்பவரும் இரண்டாவது கணக்கில் தேற மாட்டார். உழுபவர் கையில் உண்மையில் மிஞ்சுவதே அளவுகோல் என்று சட்ட வாசகத்திலேயே எழுத வேண்டுகிறோம்.

அடுத்தது குத்தகைக் காலம். பத்திரத்தில் பெயர் குறித்த கடைசி ஆள் இறந்தால் ஆயுள் குத்தகை முடிகிறது. வாக்கும் அத்தோடு சரி. 20 ஆண்டுக்குக் குறையாத கால வரையறைக் குத்தகையையும் 10 பவுண்டு தகுதிக்கு ஏற்க வேண்டும். பதிவுக்காகக் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் நீதிமன்ற அமர்வில் உதவி பாரிஸ்டர் எனும் நீதி அதிகாரி முன் நிற்பவரிடம் மூலப் பத்திரம் கேட்கப்படுகிறது. அது நிலக்கிழாரின் ஏஜென்ட்டிடம் இருந்தால் அவர் தந்தால்தான் உண்டு. அத்தகையவருக்குக் குத்தகை ரசீதும் சாட்சியும் போதும் என்றாக்க வேண்டும்.

பதிவு முடிந்தாலும் வாக்கு வாய்விட்டுச் சொல்லப்படுவது. பக்கத்திலேயே ஏஜென்ட் குறித்துக்கொள்கிறார். வழக்கமாக அரையாண்டுக் குத்தகை பாக்கி நிற்க விடப்படுகிறது. பிடிக்காத வாக்கு விழுந்ததும் அந்தப் பாக்கி முழுவதும் உடனே கேட்கப்படுகிறது. மாடுகள் ஜப்தியாகிப் பட்டியில் அடைக்கப்படுகின்றன. வெளியேற்ற நோட்டீஸ்கூடத் தேவையில்லை. இரகசிய வாக்குச்சீட்டு தவிர இதற்கு வேறு மருந்து இருப்பதாகத் தெரியவில்லை.

வாக்குச்சாவடி கவுண்டியின் தலைநகரில் மட்டும் இருப்பதும் செலவை ஏற்றுகிறது. எங்கள் கவுண்டியின் கில்ரஷ்ஷிலிருந்து தலைநகரான என்னிஸுக்கு 25 மைலுக்கு மேல். 1828-இல் வாக்குப்பதிவு ஐந்து நாள் நீடித்தது. அத்தனை நாளும் சோறும் தங்க இடமும் யார் தருகிறாரோ அவர் பிடியில் வாக்காளர் இருக்கிறார். கவுண்டியின் உட்பிரிவான ஒவ்வொரு பாரனியிலும் ஒரு சாவடி வைத்தால் இரண்டு நாளில் முடியும்.

பெல்ஃபாஸ்டில் நகராட்சி உறுப்பினர் 13 பேர் மட்டும் கூடி உறுப்பினரைத் தேர்வது மசோதாவால் ஒழியும், வரவேற்கிறோம். ஆனால் மக்களவையின் 658 இடங்களில் அயர்லாந்து முழுவதற்கும் 100, இங்கிலாந்தின் கார்ன்வால் கவுண்டிக்கு மட்டும் 42. 1821 கணக்கெடுப்பில் அயர்லாந்தின் மக்கள்தொகை 68 லட்சம், அதாவது ஐக்கிய ராச்சியத்தின் மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மசோதா எங்களுக்குக் கூடுதலாகத் தரும் 5 இடம் எந்தக் கணக்கு என்பதை விளக்கக் கோருகிறோம்.

எல்லாவற்றையும் இந்தக் கூட்டத்தொடரிலேயே செய்ய இயலாவிட்டால் ஆதாயக் கணக்கை முதலில் திருத்துங்கள். பட்டியலில் பெயரே ஏறாதவருக்குச் சாவடி அருகில் இருந்தும் பயனில்லை.

இங்ஙனம்,
கிளேர் கவுண்டி குத்தகைக் குடியானவர்கள்.
என்னிஸ், பிப்ரவரி 1832