புறாவுக்குத் தீனி போடச் சொன்ன கட்டுரையாளருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மும்பையை அடுத்த தீவிலுள்ள எலிபெண்டா குகைகளைப் பற்றித் தங்கள் இதழின் சுற்றுலாப் பகுதியில் வெளிவந்த கட்டுரையில், "படியேற இயலாத வயதான பெண்மணிகள் கேட்வே ஆஃப் இந்தியா வாசலிலேயே புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டு காத்திருக்கலாம்" என்றொரு வரி இருந்தது. எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருப்பார். பொது இடத்தில் புறாவுக்குத் தீனி போடுபவர்களுக்கு மும்பை மாநகராட்சி அபராதம் விதித்த செய்தி மட்டும் அவரை எட்டவில்லை போலும். நாள்தோறும் செய்தித்தாள் படிக்கும் வயதான பெண்மணிகளாகிய எங்களுக்கு எட்டியிருக்கிறது.

செம்பூரில் வசிக்கும் தோழியர் நாங்கள் சிலர், மார்கழி பஜனையெல்லாம் முடிந்த பின், ஒரு வேலைநாளாகப் பார்த்து அந்தத் தீவுக்குப் போய்வந்தோம். எல்லோருமே அறுபத்தைந்தைக் கடந்தவர்கள். கேட்வேயிலிருந்து படகில் ஒரு மணி நேரம். தீவில் இறங்கியதும் துறையிலிருந்து அடிவாரம் வரை சிறு ரயில் ஓடுகிறது. அதன்பின் ஏறத்தாழ 120 படிகள். இரு மருங்கிலும் கடைகள் இருப்பதால், உட்கார்ந்து உட்கார்ந்து, மாங்காய்க் கீற்றுக்கு விலை பேசிக்கொண்டே ஏறிவிடலாம். முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட எங்கள் தோழி டோலியில் வந்தார். சபரிமலையில் இருப்பதைப் போல இங்கும் டோலி கிடைக்கும் என்பதைக் கட்டுரை சொல்லவே இல்லை. புறாவுக்குச் செலவிட்ட வரியை டோலிக்குச் செலவிட்டிருக்கலாம்.

மேலே போனால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பதையாவது சரியாக எழுதினாரா என்றால், பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவரும் ஒன்றாக நிற்கும் சிலை என்று எழுதியிருக்கிறார். பெரிய குகையின் தென்சுவரில், மார்பளவு வடிவத்திலேயே மூன்று ஆள் உயரம் எழுந்து நிற்பது சதாசிவ மூர்த்தி. நமக்கு இடப்புறம் மீசையும் பாம்புமாகச் சினந்த அகோர முகம், வலப்புறம் பெண்மையின் சாயலுடன் கையில் தாமரை ஏந்திய வாமதேவ முகம், நடுவே கண்மூடிய அமைதி. சதாசிவனின் ஐந்து முகங்களில் மூன்றைத்தான் பாறையில் காட்டியிருக்கிறார்கள் என்பதைத் தமிழ்நாட்டில் சிவன் கோயில் வாசலை மிதித்த எவரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

கிழக்குப் பக்கத்தில் இராவணன் கயிலையைப் பெயர்க்கும் சிற்பம் மிகவும் சிதைந்து கிடக்கிறது. சம்பந்தர் தம் பதிகங்களில் வழக்கமாக எட்டாம் பாடலில் இராவணனைக் கொண்டுவந்து மலையின்கீழ் நசுக்குவார் அல்லவா? எங்களில் தேவாரம் கற்ற தோழி, அச்சிற்பத்தின் முன் நின்று அப்படி ஒரு பாடலைத் தாழ்ந்த குரலில் பாடினார். பக்கத்தில் நின்ற மராத்திக் குடும்பமொன்று பாடல் முடியும்வரை நகராமல் கேட்டது. கட்டுரையாளர் இந்தச் சிற்பத்தை "உடைந்த சிலைகள் சில" என்ற மூன்று சொற்களில் முடித்துவிட்டார். கலியாணசுந்தரர் சிற்பம், கங்காதரர் சிற்பம் எவற்றுக்கும் அந்த மூன்று சொற்கள்கூட இல்லை. தீவுக்குப் பெயர் தந்த கல் யானை இன்றும் கரையில் நிற்பதாக மட்டும் நிச்சயமாக எழுதியிருக்கிறார். அதை ஆங்கிலேயர் காலத்திலேயே பெயர்த்துக் கொண்டுவந்துவிட்டார்கள். மும்பை பைகுல்லாவில் ஜிஜாமாதா உத்யான் என்னும் பூங்காவில் இருக்கிறது, டிக்கெட் எடுத்துக்கொண்டு தாங்களே வந்து பார்க்கலாம்.

இது முதல் முறையுமல்ல. எல்லோராவின் கைலாசநாதர் கோயிலை அஜந்தாவுக்கு மாற்றிக் குடியேற்றிய கட்டுரையும் தங்கள் இதழில்தான் வந்தது. அப்போது நான் எழுதிய திருத்தக் கடிதத்துக்கு இடமில்லாமற் போனது. அவ்விதழில் ராசிக்கல் விளம்பரம் முழுப்பக்கம் வந்திருந்ததால் இட நெருக்கடி எனக்குப் புரிந்தது. மும்பைத் தமிழர் சிறப்பிதழ் என்று ஒன்று போட்டீர்கள். மாதுங்கா இட்லியைத் தாண்டி அதில் வேறெதுவும் இல்லை. என் தந்தையார் காலத்திலிருந்து சந்தா கட்டிவரும் வீட்டார் இவ்வளவு சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும், "கூட்டமில்லாத திங்கட்கிழமைகளில் செல்வது உத்தமம்" என்ற யோசனையைப் பொறுக்க முடியவில்லை. திங்கட்கிழமைகளில் கூட்டம் இராது என்பது முற்றிலும் உண்மை. குகைகளுக்கு அன்றுதான் வார விடுமுறை. தங்கள் இதழை நம்பி, திருநெல்வேலியிலிருந்து எங்கள் கட்டடத்துக்கு வந்திருந்த ஒரு குடும்பம் குழந்தைகளுடன் கேட்வே வரை போய், எதிரே இருக்கும் தாஜ் ஹோட்டலைப் படமெடுத்துக்கொண்டு திரும்பியது. மறுநாள் அவர்களுக்கு ஊருக்கு ரயில்.

ஆகவே, திங்கட்கிழமை விடுமுறை என்பதையும், படியேற முடியாதவர்களுக்கு டோலி உண்டு என்பதையும் அடுத்த இதழில் இரண்டு வரி வெளியிட வேண்டுகிறேன். வார பலன் பக்கத்தின் அடியில் ஓரங்குல இடம் எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகி ஒருத்தி,
செம்பூர், மும்பை