டென்மார்க் ராஜாவின் டோல்கேட்

மால்மோ, ஸ்வீடன்

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. பாதியை லாரிக்கும் மீதியை டோல்கேட்டுக்கும் ஒதுக்கிவிட்டாய், வீட்டு விஷயம் எழுத இடமே இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதா? அதை முதலில் சொல்.

டோல் கட்டியும் ரோடு பள்ளமாகவே இருக்கிறது என்ற உன் புலம்பலைப் படித்தபோது இங்குள்ள பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே ஓரெசுண்ட் என்று ஒரு ஜலசந்தி. ஹெல்சிங்கோர் ஊரருகே அதன் அகலம் சுமார் 4 கிலோமீட்டர்தான். பால்டிக் கடலுக்குள் போகிற கப்பல்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்தில் அவ்வழியாகத்தான் போகும். 1420களில் டென்மார்க் ராஜா அங்கே சுங்கம் வாங்க ஆரம்பித்தான். கரையில் பிற்பாடு குரோன்போர்க் என்று பேர் பெற்ற கோட்டை, அதன் மேல் பீரங்கிகள். நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று எந்த மாலுமிக்கும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் கப்பலுக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். 1567 வாக்கில் சரக்குக்கு ஏற்ற வரியாக மாற்றினார்கள், வருமானம் எகிறியது. சரக்கின் மதிப்பைக் கேப்டனே சொல்லலாம். நீயாக இருந்தால் என்ன சொல்வாய்? பாதி விலைதானே! அதற்கும் ராஜா வழி வைத்திருந்தான். சொன்ன விலைக்கே சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு. குறைத்துச் சொன்னால் சரக்கு போய்விடும், கூட்டிச் சொன்னால் வரி ஏறும். சோதனைக்கு ஆளே வேண்டாம். லாரிச் சரக்கின் மதிப்பைக் காட்டும் உன் இ-வே பில்லைவிட இது கெட்டிக்காரத்தனம் என்பேன்.

நம் தரங்கம்பாடிக் கோட்டை எழுந்ததும் இந்த ராஜாக்களில் ஒருவனான நான்காம் கிறிஸ்டியன் காலத்தில்தான். போர்ச் செலவுக்காகச் சுங்கத்தை ஏற்றி, அக்கம்பக்கத்து நாடுகளின் கோபத்தைச் சம்பாதித்தவனும் அவனே. அந்த வகையில் நம் குலோத்துங்கன் தேவலாம், ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பேராவது மிஞ்சியது.

கடைசியில் முரண்டு பிடித்தது அமெரிக்கா. கடவுள் வெட்டிய நீர்வழிக்கு உனக்கு ஏன் காசு என்று கேட்டது, நியாயம்தான். 1857இல் சுங்கம் ஒழிந்தது. ஆனால் சும்மா ஒழியவில்லை. மற்ற நாடுகள் சேர்ந்து டென்மார்க்குக்கு மொத்தமாக ஒரு நஷ்டஈடு கொடுத்தன. கட்டவே மாட்டேன் என்ற அமெரிக்காவும் கலங்கரை விளக்கப் பராமரிப்பு என்ற பேரில் 3,93,011 டாலர் கொடுத்துத்தான் கணக்கை முடித்தது!

இப்போது அதே ஜலசந்தியின் தெற்கே, 2000இல் திறந்த பாலமும் சுரங்கமுமான வழி, கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர். அதற்கும் டோல் உண்டு, ஸ்வீடன் பக்கத்தில் வாங்குகிறார்கள். உன் ரேட்டை இதனோடு ஒப்பிட்டால் எனக்குத்தான் மயக்கம் வரும், அதனால் நான் பெரும்பாலும் ரயிலில்தான் கோபன்ஹேகன் போகிறேன். ஆனாலும் கட்டும்போது வயிறு எரிவதில்லை. பாலத்துக்கு வாங்கிய கடனை அந்தக் காசுதான் அடைக்கிறது, பாலமும் கண்ணுக்குத் தெரிகிறது. ராஜாவிடம் கட்டியவனுக்கு என்ன கிடைத்தது? பீரங்கி சுடாமல் இருந்தது, அவ்வளவுதான்.

உன் கோபமும் அதுதானே? காசைவிட, காசு கட்டிய பிறகும் பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டியிருப்பதுதான். அந்தப் பள்ளங்களைப் போட்டோ எடுத்து வை, புகார் எழுதும்போது உதவும். அப்புறம், பெரியவனுக்கு எந்தக் காலேஜ் என்று முடிவானதா?

அன்புடன்,
ரவி